நாவல் அச்சுக்குப் போகுது... உடம்பு எங்கே போகுது?

உங்கள் வீட்டில் எழுதுகிறவர் யாராவது இருக்கிறாரா? கணவரோ, மனைவியோ, அண்ணனோ, ரிட்டயர் ஆன அப்பாவோ... இருந்தால், இந்தக் கட்டுரையை உடனே அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள். புத்தகம் வெளிவரப் போகிற நேரத்தில் அவர் புரூஃபைத் தவிர வேறு எதையும் படிக்க மாட்டார். யார் சொன்னாலும் காதில் வாங்கவும் மாட்டார்!

விரிஞ்சிபுரத்தில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு வருஷம் முழுக்க இரண்டு ரகமான நோயாளிகள் வருவார்கள். தோல் ஷாப்பில் வேலை பார்த்துக் கை கால் அரிப்போடு வருகிற ஆண்கள் ஒரு ரகம். ஷூ கம்பெனியில் நாள் பூராவும் மிஷின் முன்னால் குனிந்து தைத்துக் கழுத்துவலியோடு வருகிற பெண்கள் இன்னொரு ரகம். கார்த்திகை, மார்கழி வந்தால் மூன்றாவதாக ஒரு ரகம் எட்டிப் பார்க்கும்.

“கழுத்து திரும்பமாட்டேங்குது சார். வயிறு எரியுது. மூணு நாளா வெளிக்கே சரியா போகலை.”

“என்ன வேலை பாக்கறீங்க?”

“வாத்தியார் சார்.”

“வாத்தியாருக்கு ஏன் இப்படிக் கழுத்து பிடிக்குது?”

கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே பதில் வரும். “ஒரு நாவல் எழுதியிருக்கேன் சார். பொங்கலுக்குப் புத்தகம் வருது...”

ஷூ தைக்கிற பெண்ணுக்கும் நாவல் எழுதுகிற வாத்தியாருக்கும் ஒரே கழுத்துவலி! இரண்டு பேரும் மணிக்கணக்கில் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறவர்கள்தானே? ஒரு வித்தியாசம் உண்டு. கம்பெனியில் சாப்பாட்டு மணி அடிக்கும், வீட்டுக்குப் போக சங்கு ஊதும். நாவலாசிரியருக்கு மணியும் இல்லை, சங்கும் இல்லை. அங்கேதான் வினையே ஆரம்பம்.

பகலில் உத்தியோகம், ராத்திரியில் நாவல்

எழுத்து வருமானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிற கிராமத்து நாவலாசிரியர் நம் ஊர்ப் பக்கம் அபூர்வம். நீங்களே பாருங்கள். எங்கள் வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டுக்காரர் அழகிய பெரியவன், ‘தகப்பன் கொடி’ நாவலைத் தந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எழுதியவர். ‘கோவேறு கழுதைகள்’ (1994) எழுதிய இமையமும் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ‘கருக்கு’ (1992) தந்த பாமாவும் ஆசிரியை. பெருமாள்முருகன் அரசுக் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். ‘அஞ்ஞாடி’ (2012) என்கிற மாபெரும் நாவலை எழுதிய பூமணி கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர்.

ஆசிரியர் வேலை என்றால் பகல் முழுக்க நின்றுகொண்டு பேசவேண்டும். தொண்டையும் கால்களும் உழைக்கும். நாவல் வேலை என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்துகொண்டு படிக்கவேண்டும். கண்ணும் முதுகும் உழைக்கும். பகலில் ஒரு பாதி உடம்பு, ராத்திரியில் மறு பாதி. எந்தப் பாதிக்கும் முழு ஓய்வு கிடையாது.

போதாக்குறைக்குக் காலமும் சேர்ந்து சதி செய்யும். 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் பொங்கலை ஒட்டித்தான் நடக்கிறது. அதனால் தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் புதுப் புத்தகங்களை அந்தச் சமயத்துக்குத்தான் தயார் செய்கின்றன. பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நடப்பதும் டிசம்பரில்தான். ஒரு பக்கம் விடைத்தாள் கட்டு, மறுபக்கம் புரூஃப் கட்டு. வெளியே மார்கழிப் பனி. பாவம், அந்த மனுஷன் என்னதான் செய்வார்?

கல் காட்டுகிற நேரம், கல் காட்டாத நேரம்

எங்கள் ஊர் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்கு வந்திருக்கிறீர்களா? ‘திருவாரூர் தேரழகு, திருவிரிஞ்சை மதிலழகு’ என்று சொல்வார்களே, அந்த மதில் இங்கேதான் இருக்கிறது. கோயிலுக்குள் நேரம் காட்டும் கல் ஒன்று உண்டு. அரைவட்டமாக எண்கள் செதுக்கியிருக்கும். மேலே ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் விழுகிற இடம்தான் மணி.

காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரைதான் அந்தக் கல்லுக்கு வேலை. சூரியன் சாய்ந்தால் அதற்கும் ஓய்வு. நம் நாவலாசிரியருக்கோ அந்தக் கல் ஓய்வெடுத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது!

சித்த மருத்துவம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரிக்கிறது. ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. ஒவ்வொரு பொழுதுக்கும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். புத்தக வேலை நடக்கிற மாதத்தில் இந்த ஆறு பொழுதும் எப்படிப் போகின்றன என்று என்னிடம் வருகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

காலை (6 மணி முதல் 10): எழுந்ததும் காபி. பல் தேய்த்ததும் இன்னொரு காபி. “டிபன் வேணாம், நேரமாச்சு.” பஸ்ஸில் நின்றுகொண்டே டைப் செய்கிறவருக்குப் போன்.

நண்பகல் (10 முதல் 2): வகுப்புக்குப் பின் வகுப்பு. இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிட, இவர் செல்போனில் அட்டைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். டிபன் பாக்ஸ் பாதியோடு திரும்பி வரும்.

எற்பாடு (2 முதல் 6): பள்ளி விட்டதும் ஜெராக்ஸ் கடை, கூரியர், அணிந்துரை எழுதித் தருகிறவர் வீடு. நடுநடுவே டீ, கூடவே ஒரு பஜ்ஜி.

மாலை (6 முதல் 10): பதிப்பகத்தோடு பேச்சு. மண்டபம், மைக், அழைப்பிதழ், யாருக்குப் பொன்னாடை என்கிற கணக்கு. கைக்காசு எவ்வளவு போகும் என்கிற இன்னொரு கணக்கு.

யாமம் (10 முதல் 2): வீடு அடங்கியதும் புரூஃப். முன்பெல்லாம் காகிதக் கட்டு வரும். இப்போது பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப்பில் வருகிறது. நானூறு பக்க நாவலைக் கையகல செல்போனில், விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

வைகறை (2 முதல் 6): படுத்தாகிவிட்டது, ஆனால் தூக்கம் வராது. ‘முந்நூத்திப் பத்தாம் பக்கத்துல சித்தப்பா பேர் மாறிப் போச்சோ?’ என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

இந்த ஆறு பொழுதில் உடம்புக்கென்று ஒதுக்கிய பொழுது எது? ஒன்றுகூட இல்லை!

அடக்கக் கூடாத பதினான்கு

எங்கள் மருத்துவ நூல்களில் ‘பதினான்கு வேகங்கள்’ என்று ஒரு பாடம் உண்டு. கல்லூரியில் முதல் வருஷமே படித்துவிடுவோம். உடம்பு தானாக எழுப்புகிற பதினான்கு உந்துதல்கள் அவை. கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு. இவற்றில் எதையும் வலுக்கட்டாயமாக அடக்கக் கூடாது. அடக்கினால் அதிலிருந்தே நோய் பிறக்கும் என்பது சித்தர்கள் கண்ட விதி.

கடைசிப் புரூஃபோடு உட்கார்ந்திருக்கும் நாவலாசிரியரைக் கொஞ்சம் கவனியுங்கள்.

“இந்த அத்தியாயம் முடியட்டும்” என்று சிறுநீரை அடக்குகிறார். காலையில் பஸ்ஸுக்கு ஓடுவதால் மலத்தை அடக்குகிறார். டீயை ஊற்றிப் பசியை அடக்குகிறார். எழுந்து போகச் சோம்பல்பட்டுத் தாகத்தை அடக்குகிறார். கொட்டாவி வந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தூக்கத்தை அடக்குகிறார். நாவலில் தான் பெற்று வளர்த்த பாத்திரம் சாகிற இடத்தில் கண்ணீர் வருமே, பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று அதையும் அடக்குகிறார்!

எண்ணிப் பாருங்கள். பதினான்கில் ஆறேழு, ஒரே நாற்காலியில், ஒரே ராத்திரியில். எழுத்தாளர்களுக்கு வருகிற நோய்க்கு மர்மமான காரணம் ஒன்றும் கிடையாதுங்க. இதுதான் காரணம்.

மலத்தை அடக்கினால் மலச்சிக்கல், அதிலிருந்து மூலம். சிறுநீரை அடிக்கடி அடக்கி, தண்ணீரும் குடிக்காவிட்டால் நீர்க்கடுப்பு. நாள்பட்டால் கல்லடைப்பும் வரலாம். பசியை அடக்கினால் வயிற்று எரிச்சல். தூக்கத்தை அடக்கினால் தலைபாரம், கோபம், ஞாபகக் குறைவு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கிறவர்களுக்கு அவை கட்டுமீறிப் போகும்.

இதில் எழுத்துக்கும் ஒரு நஷ்டம் இருக்கிறது. தூங்காத கண்ணுக்குப் பிழை தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்த்த பக்கத்தில்தான் அதிகம் தப்பு விழுகிறது என்று அனுபவப்பட்ட புரூஃப் ரீடர்களே சொல்வார்கள்.

வேலத்தில் ஓய்வெடுத்த குமாஸ்தா

“உடம்பைப் பாத்துக்கிட்டா எழுத்து நின்னுடும் சார்” என்று சிலர் என்னிடமே வாதாடுவார்கள். அவர்களுக்கு நான் இரண்டு பேரைச் சுட்டிக்காட்டுவது வழக்கம்.

முதலாமவர் எங்கள் பக்கத்து மனிதர். உங்கள் வீட்டு அலமாரியிலும் அவர் திருக்குறள் தெளிவுரை இருக்கும். ஆமாம், டாக்டர் மு.வ.தான். 1912-ல் பிறந்தவர். வாலாஜா பக்கத்து வேலம் கிராமம் அவர் குடும்பத்து ஊர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கொஞ்ச காலத்தில் உடம்பு கெட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்து ஓய்வெடுத்தார்.

அந்தக் காலத்தில் சர்க்கார் உத்தியோகத்தை விடுவது என்றால் சின்ன விஷயமா? ஆனால், அந்த ஓய்வுக் காலத்தில்தான் அவர் தமிழ் இலக்கியத்தில் ஆழமாக இறங்கினார். 1935-ல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரி ஆசிரியர். 1946-ல் முதல் நாவல் ‘செந்தாமரை’ வந்தபோது, அதைத் தாமே வெளியிட்டார். தானே எழுதி, தானே வெளியிடுவது என்றால் அச்சகத்து அலைச்சல் எல்லாம் எழுதியவர் தலையில்தான். இன்றைக்குக் கைக்காசு போட்டுப் புத்தகம் கொண்டுவருகிற கிராமத்து எழுத்தாளருக்கு அவர்தான் முன்னோடி. ‘அகல் விளக்கு’ நாவலுக்காக 1961-ல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. உடம்பு ஓய்வு கேட்டபோது கொடுத்ததால் அவர் எழுத்து நின்றா போயிற்று?

இடைசெவலில் ஒரு கரிசல்காரர்

இரண்டாமவரைப் பற்றிப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில்தான் நான் அதிகம் கேள்விப்பட்டேன். அந்தப் பக்கத்துப் பையன்கள் ஹாஸ்டலில் அவர் கதைகளைச் சத்தமாக வாசித்துச் சிரிப்பார்கள். கோவில்பட்டி அருகே இடைசெவல் கிராமத்து விவசாயி, கி.ராஜநாராயணன். நம் எல்லோருக்கும் கி.ரா.

பள்ளிப் படிப்பை முடிக்காதவர். இளம் வயதில் காசநோய் வந்தது. அந்த நாளில் காசநோய் என்றால் வீட்டில் அழுகைச் சத்தம்தான். புதுமைப்பித்தனை 1948-ல், 42 வயதில், தமிழ்நாடு பறிகொடுத்தது அந்த நோய்க்குத்தான். ஸ்டிரெப்டோமைசின் மருந்து பரவலாகும் முன்பு நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இவற்றைத்தான் வைத்தியர்கள் பெரிதும் நம்பியிருந்தார்கள்.

கி.ரா. அந்த நோயிலிருந்து மீண்டார். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கதை எழுதவே தொடங்கினார். ‘கோபல்ல கிராமம்’ நாவல் 1976-ல் வந்தபோது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். கரிசல் காட்டுப் பேச்சுக்கு ஒரு சொல்லகராதி தொகுத்தார். அறுபது வயதைக் கடந்த பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்து நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991-ல் சாகித்திய அகாடமி விருது. தொண்ணூறு வயதுக்கு மேலும் எழுதினார். 2021 மே மாதம் நூறை நெருங்கிய வயதில் மறைந்தபோது, அரசு மரியாதையோடு இடைசெவலில் அடக்கம் செய்தார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இந்த வருஷப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வராவிட்டால் வானம் இடிந்து விழுந்துவிடாது. நீண்ட ஆயுசு யார் கையிலும் இல்லை, உண்மைதான். ஆனால், அவசரப்படாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது இல்லீங்களா?

வீட்டில் என்ன செய்யலாம்?

எழுத்தாளரைத் திருத்துவது கஷ்டம். வீட்டு ஒழுங்கைக் கொஞ்சம் திருத்தலாம். அது உங்கள் கையில்.

எழுந்ததும்: காபிக்கு முன்னால் ஒரு பெரிய டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு கழிவறைக்கு அவசரமில்லாத பத்து நிமிடம். அந்த நேரத்தில் செல்போன் வெளியே இருக்கட்டும்.

காலைச் சாப்பாடு: கேழ்வரகுக் கூழும் மோரும் போதும், இரண்டு இட்லியும் போதும். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

மதியம்: வாரத்தில் இரண்டு நாள் கீரை. பொன்னாங்கண்ணி, முருங்கை, அரைக்கீரை எது கிடைத்தாலும் சரி. சாதத்தோடு மோர் கட்டாயம்.

டீ, காபி: நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். மாலை ஐந்து மணிக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். பதிலுக்குச் சுக்கு, மல்லி, கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டுப் பனைவெல்லத்தோடு கொதிக்கவைத்துக் கொடுக்கலாம். மார்கழிப் பனிக்கு நல்லது. சர்க்கரை நோய் இருந்தால் பனைவெல்லமும் வேண்டாம்.

இரவுச் சாப்பாடு: எட்டு மணிக்குள். புரூஃபை மடக்கி வைத்துவிட்டுத்தான் தட்டு. ஒரு கையில் பேனாவும் ஒரு கையில் தோசையுமாக உட்கார விடாதீர்கள்.

எழுதும் இடம்: மேஜை உயரமும் நாற்காலி உயரமும் பொருந்த வேண்டும். கட்டிலில் சாய்ந்து, தலையணையை மடியில் வைத்து எழுதினால் கழுத்து நிச்சயம் பிடிக்கும். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வையுங்கள். பெரிய குடமாக வைக்காதீர்கள்! சொம்பு காலியானால் எழுந்துபோய் நிரப்பட்டும். குடித்த தண்ணீர் வெளியேறவும் எழுந்துதான் ஆகவேண்டும். ஒரே சொம்பில் இரண்டு மருந்து.

கண்: உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துபோகும். அதனால்தான் கண் வறண்டு எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்து மரத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள். புரூஃபைக் காகிதத்தில் எடுத்துப் படிப்பது நல்லது. செலவு கொஞ்சம் ஆனாலும் பரவாயில்லை. எந்தச் சாற்றையும் தேனையும் கண்ணில் விடாதீர்கள். நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி நம்பரைச் சோதித்துக்கொள்ளட்டும்.

எண்ணெய்க் குளியல்: வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியல். காலை வெயில் வந்த பிறகுதான். சளி, ஆஸ்துமா, காய்ச்சல் இருந்தால் கூடாது. விழாவுக்கு முதல் நாளும் வேண்டாம். எண்ணெய் தேய்த்த அன்று பகல் தூக்கமும் கூடாது.

தூக்கம்: ஏழு மணி நேரம். யாமத்தில் பார்க்கிற புரூஃபை வைகறைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒன்பதரைக்குப் படுத்தால் நாலரைக்கு எழுந்து, தெளிந்த கண்ணோடு உட்காரலாம். ராத்திரி நாலு மணி நேரத்தில் செய்கிற வேலை அதில் பாதி நேரத்தில் முடியும்.

கைவைத்தியம்... அளவோடு!

மலச்சிக்கலுக்கு: திரிபலா சூரணம் (கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய்) அரை டீஸ்பூன், இரவில் வெந்நீரோடு. ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் வைத்தியரைப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

வயிற்று எரிச்சலுக்கு: சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.

விழாவில் பேசித் தொண்டை கட்டினால்: அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் இதைத் தவிர்க்கவேண்டும். தொடர்ந்து சாப்பிட்டால் அழுத்தம் ஏறும். அவர்களுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதே போதும்.

கழுத்துப் பிடிப்புக்கு: நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகத் தடவி, துணி ஒத்தடம். கை மரத்துப் போனாலோ, விரலில் பலம் குறைந்தாலோ ஒத்தடத்தோடு நிற்காமல் டாக்டரிடம் போகவேண்டும்.

‘விழா முடியட்டும் சார்!’

இனி நான் சொல்லப்போவதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாவலாசிரியர் என்னிடம் வந்தார். ஊரும் பேரும் வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. வெளியீட்டு விழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது. நெஞ்சுக்கு நடுவே எரிச்சல், தாடை வரைக்கும் வலி, நெற்றியெல்லாம் வியர்வை. “வாய்வு சார். ஒரு சூரணம் குடுங்க. மத்ததெல்லாம் விழா முடிஞ்சதும் பாத்துக்கலாம்” என்றார்.

கூட வந்த அவர் மனைவி கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். “பத்து நாளா இதுல ஒண்ணுகூட கொறையலீங்க” என்றார்.

நான் சூரணம் கொடுக்கவில்லை. ஆட்டோவை வரவழைத்து நேரே வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மாரடைப்புதான். நேரத்தோடு போனதால் உயிர் பிழைத்தார். விழா இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. எழுதியவர் மேடையில் உட்கார்ந்திருந்தார், அவர் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் பலம் இழப்பது, வாய் கோணுவது, திடீரென்று பார்வை மங்குவது, மலத்தில் ரத்தம்... இதில் எது வந்தாலும் கஷாயமும் வேண்டாம், சூரணமும் வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பக்கவாத அறிகுறி என்றால் உடனே 108. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் புத்தக வேலையில் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டால் ‘உம்’ என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள். அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

விழா அன்றும், அதற்கு மறுநாளும்

விழா அன்று எழுத்தாளர் பட்டினி கிடப்பார். ராத்திரி எல்லாம் முடிந்த பிறகு நண்பர்களோடு ஆம்பூர் பிரியாணி! பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றில் பதினோரு மணிக்குப் பிரியாணி விழுந்தால் என்ன ஆகும்? பிரியாணி வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வராது. அதை மதியத்துக்கு மாற்றிவிடுங்கள்.

விழாவுக்கு மறுநாள் இன்னொரு சங்கடம் வரும். வருஷக்கணக்கில் மனசில் குடியிருந்த பாத்திரங்கள் ஒரே நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன மாதிரி ஒரு வெறுமை. மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் வீடு எப்படி இருக்கும்? அப்படி. யாரும் போன் செய்யமாட்டார்கள். புத்தகம் எத்தனை போகிறது என்றும் தெரியாது. எரிச்சலும் சோர்வும் வரும். ஒரு வாரம், பத்து நாள் இருந்து போனால் இயல்புதான். காலையில் பாலாற்றங்கரைப் பக்கம் நடக்க அழைத்துப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமும் பசியும் இல்லாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

சில புத்தகங்களுக்கு மௌனம் வராது, எதிர்ப்பு வரும். 2010-ல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 கடைசியில் எதிர்ப்பு எழுந்து, 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாகவே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு திரும்பவும் எழுத வந்தார். ஒரு மனுஷன் அந்த நிலைக்குப் போகும்போது கூட இருந்து தாங்குகிற குடும்பத்தைவிடப் பெரிய மருந்து எங்கள் கல்லூரியிலும் இல்லை, வேறு எந்தக் கல்லூரியிலும் இல்லை.

எழுதுவது வீட்டு அம்மா என்றால்?

இவ்வளவும் ‘அவர், அவர்’ என்று ஆணை வைத்தே சொல்லிக்கொண்டு வந்தேன். உங்கள் வீட்டில் நாவல் எழுதுவது அம்மாவாகவோ மருமகளாகவோ இருக்கலாம். அப்போது கதை இன்னும் கஷ்டம். ஆண் எழுதினால் ‘சாப்பிட வாங்க’ என்று கூப்பிட ஒரு குரல் உண்டு. பெண் எழுதினால் அவரே சமைத்து, அவரே பரிமாறி, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்கவைத்து, அப்புறம்தான் புரூஃபை எடுக்கவேண்டும். அவருடைய பசியையும் தூக்கத்தையும் யார் விசாரிக்கிறார்கள்?

அந்த ஒரு மாதத்துக்காவது ராத்திரிச் சமையலை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புமா கிண்டத் தெரிந்தால் போதும். அவர் இரும்புச்சத்து மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ சாப்பிடுகிறவராக இருந்தால் அந்த அட்டையையும் எண்ணுங்கள்.

புத்தகத்தின் முதல் பக்கங்களில் ‘சமர்ப்பணம்’ என்று ஒன்று வரும். அதில் உங்கள் பேர் வருகிறதோ இல்லையோ, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குத் தட்டை வைத்துவிட்டு, புரூஃபை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். கொஞ்சம் கோபிப்பார். கோபித்தால் கோபிக்கட்டும், முதலில் சாப்பிடட்டும். என்ன, நான் சொல்றது சரிதானுங்களே?